அன்றாட நடைக்கு எந்த வைட் ப்ரைம் லென்ஸ்? கேனான் ஆர்எஃப் 16, 24, 28, 35 ஓர் ஒப்பீடு

கேமராவோடு சேர்ந்து வந்த ஜூம் லென்ஸில் சில காலம் படமெடுத்துப் பழகியவர்கள், அடுத்ததாக ஒரு சிறிய ப்ரைம் லென்ஸை (ஜூம் செய்ய முடியாத, ஒரே கோணத்தில் பார்க்கும் லென்ஸ்) வாங்கி அதை மட்டும் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அந்த விருப்பம் எழுந்த உடனேயே குழப்பமும் தொடங்கிவிடுகிறது. கேனானின் ஆர்8, ஆர்பி, ஆர்6 போன்ற ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவை வைத்திருப்பவரின் முன்னால் நான்கு சிறிய வைட் லென்ஸ்கள் நிற்கின்றன; மி.மீ. எண் குறையக் குறைய அடங்கும் காட்சி அகலமாகும்: 16 மி.மீ. எஃப் 2.8, 24 மி.மீ. எஃப் 1.8, 28 மி.மீ. எஃப் 2.8, 35 மி.மீ. எஃப் 1.8. நான்குமே சட்டைப்பைக்கு அடங்காவிட்டாலும் தோள்பைக்கு நிச்சயம் அடங்குபவை. நான்கையும் பற்றி நல்ல சொற்களே காதில் விழுகின்றன. ஆகவே எதை எடுப்பது என்ற கேள்வி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது.

இந்த நான்கோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2024இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.4 எல் விசிஎம் மிகச் சிறந்த லென்ஸ்தான். ஆனால் 555 கிராம் எடையுள்ள அது, 461 கிராம் எடையுள்ள ஆர்8 கேமராவைவிடக் கனமானது. நாள் முழுதும் கழுத்தில் தொங்கப்போகும் ஒன்றுக்கு அந்த எடை பொருந்தாது. சிக்மாவும் டாம்ரானும் 2024இல் ஆர்எஃப் மவுண்டுக்குள் (இந்தக் கேனான் கேமராக்களில் லென்ஸைப் பொருத்தும் அமைப்பு) வந்தபோது, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியதான க்ராப் சென்சாருக்குரிய லென்ஸ்களோடுதான் வந்தன. க்ராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே மாறிவிடும் என்பதால் அவர்களுக்கான பகுதியைத் தனியாகப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

லென்ஸ் வாங்கும் பேச்சில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சரைப் பற்றியது. நடைக்கான லென்ஸைப் பொறுத்தவரை அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் அளவுகோல், நீங்கள் படமெடுக்கும் மனிதரிடமிருந்தோ பொருளிடமிருந்தோ எவ்வளவு தூரத்தில் நிற்கப் பழகியவர் என்பதே. ஜூம் லென்ஸில் அந்தத் தூரத்தை வளையத்தைத் திருப்பிச் சமாளித்துவிடலாம். ப்ரைம் லென்ஸிலோ கால்தான் திருப்ப வேண்டும். சுவரோ, ஓடும் ஆட்டோவோ, கூச்சமோ குறுக்கே நின்றால் திருப்பவும் முடியாது.

இதை எண்ணில் சொல்லிவிடலாம். நிற்கும் ஒருவரின் முழு உருவமும் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு, படுக்கைவாட்டுச் சட்டகத்தில் அடங்க வேண்டுமென்றால், 35 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 2.6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 28இல் 2.1 மீட்டர், 24இல் 1.8 மீட்டர், 16இல் 1.2 மீட்டர் போதும். 2.6 மீட்டர் என்பது தெருவின் இந்த ஓரத்திலிருந்து பேச்சுக் கொடுக்காமல் எடுக்கக்கூடிய தூரம். 1.8 மீட்டருக்கு வந்துவிட்டால் நீங்கள் வந்திருப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். 1.2 மீட்டரில் பேசாமல் படமெடுப்பது முறையும் ஆகாது.

இரண்டாவது அளவுகோல் வெளிச்சம்: நீங்கள் நடக்கும் நேரம் எது என்பது. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.8 லென்ஸைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. விளக்குப் போட்ட கடைத்தெருவில் நடந்துகொண்டிருப்பவரை அசைவின்றிப் பிடிக்க 1/250 வினாடி வைத்தால், எஃப் 2.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 3200 கேட்கும் இடத்தில் எஃப் 1.8இல் 1250 அல்லது 1600 போதும். இந்த வேறுபாட்டை இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சார் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. கடைகள் தீர்ந்து தெருவிளக்கு மட்டும் மிஞ்சும் சந்தில்தான் 12800க்கும் 5000க்கும் உள்ள இடைவெளி கண்ணில் படத் தொடங்குகிறது.

மூன்றாவது, லென்ஸுக்குள் அதிர்வுக் கட்டுப்பாடு உண்டா என்பது. ஆர்6 வரிசைக் கேமராக்களில் சென்சாரே நகர்ந்து கைநடுக்கத்தைச் சமன்செய்கிறது; ஆர்8, ஆர்பி இரண்டிலும் அந்த வசதி இல்லை. ஆகவே ஒரே லென்ஸ், கேமரா பாடியைப் பொறுத்து வேறு வேறு மதிப்பைப் பெறுகிறது. அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே அடக்கும், எதிரில் இருப்பவரின் அசைவை அடக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது, எவ்வளவு கிட்டப் போக முடியும் என்பது. ஐந்தாவது எடை. ஆறாவதாக, படம் கண்ணாடியால் நேராக்கப்படுகிறதா, மென்பொருளால் நேராக்கப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

| விவரம் | 16 மி.மீ. | 24 மி.மீ. | 28 மி.மீ. | 35 மி.மீ. |
|---|---|---|---|---|
| வெளியான ஆண்டு | 2021 | 2022 | 2023 | 2018 |
| பெரிய அபர்ச்சர் | எஃப் 2.8 | எஃப் 1.8 | எஃப் 2.8 | எஃப் 1.8 |
| எடை | 165 கிராம் | 270 கிராம் | 120 கிராம் | 305 கிராம் |
| கிடைமட்டப் பார்வைக் கோணம் (ஏறத்தாழ) | 97 பாகை | 74 பாகை | 65 பாகை | 54 பாகை |
| 1.5 மீட்டர் தொலைவில் அடங்கும் அகலம் | 3.4 மீ. | 2.25 மீ. | 1.9 மீ. | 1.5 மீ. |
| மிகக் கிட்டிய ஃபோகஸ் | 13 செ.மீ. | 14 செ.மீ. | 23 செ.மீ. | 17 செ.மீ. |
| மிகப் பெரிய உருப்பெருக்கம் | 0.26 | 0.5 | 0.17 | 0.5 |
| அதிர்வுக் கட்டுப்பாடு | இல்லை | உண்டு | இல்லை | உண்டு |
| ஃபில்டர் அளவு | 43 மி.மீ. | 52 மி.மீ. | 55 மி.மீ. | 52 மி.மீ. |
| அமெரிக்க அறிமுக விலை (டாலர், ஏறத்தாழ) | 300 | 600 | 300 | 500 |

இந்திய விலை சலுகைக் காலத்துக்கும் கடைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால் அறிமுக விலையைக் கொடுத்திருக்கிறேன். எது எதைவிட எவ்வளவு கூடுதல் என்ற விகிதம் புரிவதற்கு அது போதும்.

## 35 மி.மீ. எஃப் 1.8: மாலையில் நடப்பவருக்கு

மயிலாப்பூர் மாட வீதியில் மாலை ஆறரை மணிக்கு ஒரு பூக்கடையின் முன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மல்லிகை கட்டிக்கொண்டிருக்கும் பெண்மணி, அவர் முன்னால் ஈரத்துணி போர்த்திய கூடை, தலைக்கு மேல் தொங்கும் ஒற்றை பல்பு. ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து 35 மி.மீ. லென்ஸில் பார்த்தால் சட்டகத்தின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். அவரும் கூடையும் அடங்கிவிடுவார்கள். பக்கத்துக் கடையின் பிளாஸ்டிக் குடம் வெளியே போய்விடும். படத்தில் எது இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே, வேண்டாதவற்றில் பாதியை லென்ஸே கழித்துத் தந்துவிடுகிறது. புதிதாக ப்ரைம் லென்ஸுக்கு வருபவருக்கு இது மிகப் பெரிய உதவி. அகலம் கூடக்கூட இந்தக் கழித்தல் வேலை முழுவதும் படமெடுப்பவரின் தலையில் விழுகிறது.

அதே கடையில் கட்டும் விரல்களை மட்டும் எடுக்க விரும்பினால், 0.5 உருப்பெருக்கம் (பொருள் அதன் பாதி அளவில் சென்சாரில் பதிவது) கைகொடுக்கிறது. ஏறத்தாழ 7 செ.மீ. அகலமுள்ள பகுதி சட்டகத்தை நிரப்பிவிடும்: நாரும், இரண்டு விரல் நுனிகளும், நான்கைந்து மொட்டுகளும் அடங்கும் அளவு. தனியாக ஒரு மேக்ரோ லென்ஸைச் சுமக்காமல் இந்த அளவுக்குக் கிட்டப் போக முடிவது இதன் பெரிய பலம். வெளிச்சம் குறைந்த அந்த நேரத்தில் எஃப் 1.8, அதிர்வுக் கட்டுப்பாடு இரண்டும் ஒன்றாக இருப்பதால், ஆர்8 போன்ற பாடியோடு இந்த லென்ஸ் மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆள் நடமாட்டம் அடங்கிய பின் விளக்கொளியில் நிற்கும் கோபுரத்தை 1/8 வினாடியில் கையிலேயே பிடித்து எடுக்கலாம்.

மனித முகத்துக்கும் இதுவே நால்வரில் நேர்மையானது. குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. எண்) குறையக் குறைய, மார்பளவுப் படத்துக்கு நாம் கிட்டப் போக வேண்டியிருக்கிறது. கிட்டப் போகப் போக மூக்கும் நெற்றியும் பெரிதாகி, காதுகள் பின்வாங்குகின்றன. 35இல் இடுப்பளவு வரை எடுக்கும்போது இது உறுத்துவதில்லை. வீட்டுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அதிகம் எடுப்பவர் இதற்கு மேல் அகலத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி வெளியே நீண்டு உள்ளே போகிறது. மோட்டாரின் ஓசை அமைதியான அறையில் வீடியோவில் பதிவாகிவிடும். ஓடிவரும் குழந்தையைத் தொடர்ந்து ஃபோகஸில் வைத்திருப்பதில் இது விலையுயர்ந்த லென்ஸ்களுக்குப் பின்தங்கியே இருக்கிறது. ஆர்8உடன் சேர்த்தால் 766 கிராம்; தாங்கக்கூடியதுதான் என்றாலும், மூன்று மணி நேர நடையின் முடிவில் 28க்கும் இதற்குமான 185 கிராம் வேறுபாடு கழுத்தில் தெரியும். குறுகலான வீட்டுக்கூடத்திலோ நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ரயில் பெட்டியிலோ எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க இது போதாது. பின்னால் நகர இடமில்லாத வாழ்க்கை உங்களுடையது என்றால் இந்தக் குறை தினமும் வந்து நிற்கும்.

## 28 மி.மீ. எஃப் 2.8: எப்போதும் கேமராவிலேயே இருப்பது

நடைக்கென்றே உருவாக்கப்பட்ட, லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்களை எடுத்துப் பாருங்கள். ரிக்கோவின் ஜிஆர் வரிசை 1996இல் ஃபிலிம் காலத்தில் தொடங்கியபோதும் 28 மி.மீ. தான், டிஜிட்டலுக்கு வந்த பிறகும் அதன் மூல வரிசை அந்தக் கோணத்தை விடவில்லை. லைக்கா க்யூ 2015இல் 28ஓடு வந்தது. ஃபூஜிஃபிலிமின் எக்ஸ்100 வரிசை மட்டும் 2011 முதல் 35க்கு நிகரான கோணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க் தெருக்களை லைக்காவில் எடுத்துக் குவித்த கேரி வினோகிராண்டின் கையில் பெரும்பாலும் இருந்தது 28 மி.மீ. லென்ஸ். இவர்களெல்லாம் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். இடம் தெரிய வேண்டும், மனிதரும் சிறுத்துவிடக் கூடாது என்ற இரண்டு தேவைகளும் சந்திக்கும் கோணம் அது.

அதே பூக்கடை முன் அதே ஒன்றரை மீட்டரில் நின்றால், சட்டகத்தின் அகலம் இப்போது 1.9 மீட்டர். பெண்மணி நடுவில் இருந்தால் இரு பக்கமும் இருபது செ.மீ. கூடுதலாக வருகிறது. ஒரு பக்கம் பூ வாங்க நீண்ட கை, மறுபக்கம் சுவரில் மாட்டிய சாமி படம். 35இல் அது ஒரு பெண்மணியின் படம். 28இல் ஒரு கடையின் படம். இந்தக் கூடுதல் அகலத்தை நிரப்பத் தெரிந்துகொண்டவருக்கு 28 வளமான லென்ஸ். தெரியாதவரின் படங்களில் ஓரங்கள் வெறுமையாகக் கிடக்கும், எடுத்த படங்களை எல்லாம் வீட்டுக்கு வந்து வெட்டத் தோன்றும். வெட்டுவதிலும் தவறில்லை: 24 மெகாபிக்சல் படத்தை 35இன் கோணத்துக்கு வெட்டினால் ஏறத்தாழ 15.5 மெகாபிக்சல் மிஞ்சும்; பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அச்சுக்கு அது தாராளமாகப் போதும். 35இல் எடுத்த படத்தை 28க்கு விரிக்க வழியே இல்லை.

இந்த லென்ஸின் உண்மையான மதிப்பு அதன் உருவத்தில் இருக்கிறது. 120 கிராம் எடை, 25 மி.மீ.க்கும் குறைவான தடிமன். ஆர்8இல் மாட்டினால் மொத்தம் 581 கிராம். சாப்பாட்டுப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு அலுவலகம் போய்வரலாம். கேமராவை எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிக்க வைக்காத லென்ஸ் எதுவோ அதில்தான் ஆண்டு முடிவில் அதிகப் படங்கள் சேர்ந்திருக்கும். எதிரில் இருப்பவர்களும் சிறிய லென்ஸைக் கண்டு அவ்வளவாக விறைத்துக்கொள்வதில்லை.

பகல் வெளிச்சத்தில் இதில் இன்னொரு வசதி இருக்கிறது. எஃப் 8இல் வைத்து 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.65 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கேமரா ஃபோகஸைத் தேடும் நேரம்கூட இல்லாமல் படமெடுக்கலாம். 35 மி.மீ. லென்ஸில் அதே எஃப் 8க்கு இந்த எல்லை 2.5 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது. தெருவில் நிகழ்வுகள் நடக்கும் தூரம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால், இது தாளில் தெரிவதைவிடப் பெரிய வேறுபாடு. ஆர்எஃப் 28இல் தூரம் குறித்த எண்கள் வளையத்தில் இல்லை. கைமுறை ஃபோகஸில் திரையில் தோன்றும் தூர அளவைப் பார்த்து வைக்க வேண்டும்.

இழப்புகள் மூன்று. அதிர்வுக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஆர்8, ஆர்பி வைத்திருப்பவர் இருட்டில் 1/30 வினாடிக்குக் கீழே போகத் தயங்க வேண்டும். உருப்பெருக்கம் 0.17 மட்டுமே; 21 செ.மீ. அகலத்துக்குக் குறைந்த எதையும் சட்டகம் நிறைய எடுக்க முடியாது. உணவகத்தில் ஒரு தட்டு முழுதாக வரும், தட்டின் ஓரத்தில் இருக்கும் ஒற்றை வடை வராது. எஃப் 2.8இல் மூலைகள் நன்றாகவே இருண்டு தெரியும். திருத்தத்தை இயக்கினால் மறையும். பின்புலத்தைக் கரைத்து எடுக்கும் ஆசை உள்ளவர் இதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

## 24 மி.மீ. எஃப் 1.8: இடமில்லாத இடங்களுக்கு

நான்கில் அம்சங்கள் நிறைந்தது இதுவே. எஃப் 1.8, அதிர்வுக் கட்டுப்பாடு, 0.5 உருப்பெருக்கம் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. விலையும் நான்கில் இதற்கே அதிகம். பட்டியலை மட்டும் பார்த்து வாங்குபவர் இதைத்தான் எடுப்பார். நடைக்கு இதை எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, அந்தத் தயக்கத்துக்கு முதல் காரணம் நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் கைபேசி. இன்றைய கைபேசிகளின் முதன்மைக் கேமராக்களில் பெரும்பாலானவை 23 முதல் 26 மி.மீ.க்கு நிகரான கோணத்தில்தான் பார்க்கின்றன. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைச் சிறிய திரையில் பார்ப்பவருக்கு, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய 24 மி.மீ. லென்ஸின் படம் புதிய பார்வையாகத் தெரியாது. தரத்தில் வேறுபாடு பெரியது. பார்வையில் வேறுபாடு சிறியது.

இரண்டாவது காரணம் சாய்வு. கேமராவைச் சற்றே மேல்நோக்கித் தூக்கினாலும் கட்டடத்தின் நேர்கோடுகள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. எந்த லென்ஸிலும் நடப்பதுதான் இது. அகலமான லென்ஸில் அதிகமாகத் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் விழுவதுபோல் தோன்றும். முற்றம் அங்கே விசாலமானது; பின்னால் நடந்து போய்க் கேமராவை நேராகப் பிடித்து எடுக்க இடம் இருக்கிறது. இடம் இருக்கும் இடத்தில் 24 தேவைப்படுவதில்லை. குழுவாக நிற்பவர்களை எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவரின் உடல் பக்கவாட்டில் அகன்று தெரிவதும் இதன் தொல்லை. ஓரத்தில் நிற்பவர் படத்தைப் பார்த்துவிட்டு உங்களிடம்தான் கேட்பார்.

இடம் இல்லாத இடத்தில் கதை வேறு. செட்டிநாட்டு வீடொன்றின் வளவுக்குள் தூண்களுக்கு நடுவே நிற்கும்போதும், தறிக்குழிக்கு எதிரே சுவரில் முதுகு முட்ட நின்று நெசவாளரை எடுக்கும்போதும், சிறிய சமையலறையில் இரண்டு பேர் வேலை செய்வதைப் பதிவு செய்யும்போதும் 35 கைவிரித்துவிடும், 28 தடுமாறும், 24 அடக்கிவிடும். அத்தகைய உட்புறங்களில் வெளிச்சமும் குறைவு, எஃப் 1.8உம் அதிர்வுக் கட்டுப்பாடும் அங்கேதான் தம் விலையைத் திருப்பித் தருகின்றன. தொழிலிடங்களையும் வீட்டு உட்புறங்களையும் விரும்பி எடுப்பவர், பயணத்தில் கேமராவைத் தன்னை நோக்கித் திருப்பி வீடியோ பேசுபவர் ஆகிய இருவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

கிட்டப் போகும் வசதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 14 செ.மீ. என்பது சென்சாரிலிருந்து அளந்த தூரம். லென்ஸின் நீளத்தையும் மவுண்டின் ஆழத்தையும் கழித்தால், முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே ஐந்தாறு செ.மீ. தான் மிஞ்சும். லென்ஸின் நிழலே பொருளின் மேல் விழும், வண்ணத்துப்பூச்சி பறந்தேவிடும். 35 மி.மீ. லென்ஸ் இதே அளவு பெரிதாக்கும்போது இன்னும் சற்றுத் தள்ளி நிற்க விடுகிறது. ஆகவே மலர்களையும் கைவினைப் பொருள்களையும் நெருங்கி எடுப்பதுதான் நோக்கம் என்றால் 35ஐ எடுப்பதே சரி.

## 16 மி.மீ. எஃப் 2.8: இரண்டாவது லென்ஸாக மட்டும்

ஃபுல் ஃபிரேமில் இது அன்றாட லென்ஸ் ஆகாது. ஒன்றரை மீட்டரில் மூன்றரை மீட்டர் அகலத்தை விழுங்கும் லென்ஸில், பூக்கடைப் பெண்மணி சிறு புள்ளியாகி, மேலே மின்கம்பிகளும் கீழே உங்கள் செருப்பு நுனியும் வந்துவிடும். தேர் நகரும் தெருவில் கூட்டத்துக்குள் நின்று கையை உயர்த்தி எடுப்பதற்கும், மண்டபத்துத் தூண் வரிசையின் ஆழத்தைக் காட்டுவதற்கும், மலையடிவாரத்தில் இரவு வானத்தை எடுப்பதற்கும் இது அருமையான கருவி. 165 கிராம் என்பதால் வேறொரு லென்ஸோடு கூடவே பையில் கிடக்கலாம். 50 மி.மீ. எஃப் 1.8 வைத்திருப்பவருக்கு ஃபில்டர் அளவும் அதே 43 மி.மீ. என்பது சிறிய ஆதாயம்.

## விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

முதலாவது, முன்கண்ணாடியைச் சுற்றி மாட்டும் வெயில் மறைப்பான ஹூட். கேனான் இந்த வகை லென்ஸ்களோடு ஹூட்டைப் பெட்டியில் வைப்பதில்லை. தனியே வாங்க வேண்டும். எதிர்வெயிலில் நடப்பவருக்கும், கூட்டத்தில் முன்கண்ணாடி இடிபடும் என்று அஞ்சுபவருக்கும் அது தேவைப்படும். வேறு நிறுவனங்கள் செய்யும் ஹூட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, வேலையும் செய்கின்றன. 28 மி.மீ. லென்ஸில் மட்டும் ஹூட் மாட்டினால் அதன் மெலிந்த உருவம் கெட்டுவிடுகிறது என்பதால் அதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, மழையும் தூசியும். இந்த நான்கில் எதற்கும் நீர்த்தடுப்பு இல்லை. கடற்கரையில் அடிக்கடி நடப்பவர் உப்புக்காற்றையும் மணலையும் கணக்கில் எடுத்து, முன்னால் ஒரு நல்ல ஃபில்டரையாவது போட்டுவைக்க வேண்டும். நான்கின் ஃபில்டர் அளவுகளில் 24உம் 35உம் மட்டுமே ஒன்று. பின்னாளில் இரண்டு லென்ஸ் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதையும் பார்க்கலாம்.

மூன்றாவதைப் பலர் வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். 16உம் 24உம் தரும் மூலப்படம் ஓரங்களில் பலமாக வளைந்து, மூலைகளில் இருண்டு இருக்கும். கேமராவோ மென்பொருளோ அதை நேராக்கி, மூலைகளை இழுத்து நிரப்பி, வெளிச்சமேற்றித் தருகிறது. ஜேபெக் எடுப்பவர் இதை அறியவே மாட்டார். ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக்கோப்பு) எடுப்பவருக்கு கேனானின் இலவச மென்பொருளும் லைட்ரூமும் இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. வேறு மென்பொருளைப் பயன்படுத்துபவர் அந்த லென்ஸின் திருத்தக் குறிப்பு அதில் உள்ளதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இழுத்து நிரப்பிய மூலைகளில் கூர்மை குறைவதும், உயர்ந்த ஐஎஸ்ஓவில் அங்கே மட்டும் புள்ளிகள் கூடுவதும் இதன் விலை. 35 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் கண்ணாடியாலேயே நேராக்கப்பட்டது; இவ்வளவு திருத்தம் அதற்குத் தேவைப்படுவதில்லை.

## ஆர்50, ஆர்10, ஆர்7 வைத்திருந்தால்

க்ராப் சென்சாரில் கோணம் 1.6 மடங்கு சுருங்குகிறது. 16 மி.மீ. ஏறத்தாழ 26க்கும், 24 மி.மீ. 38க்கும், 28 மி.மீ. 45க்கும், 35 மி.மீ. 56க்கும் நிகராகிவிடுகின்றன. ஃபுல் ஃபிரேமில் நான் ஒதுக்கிய 16, இங்கே நடைக்கான முதல் தேர்வாக மாறுகிறது: எடை குறைவு, விலை குறைவு, அதன் மோசமான மூலைகளும் சென்சாருக்கு வெளியே போய்விடுகின்றன. 24 மி.மீ. எஃப் 1.8 இங்கே நல்ல 38 மி.மீ. லென்ஸாக, மேற்சொன்ன சாய்வுத் தொல்லைகள் பெரிதும் நீங்கி, மாலைநேர நடைக்குப் பொருந்துகிறது. 28ஐயும் 35ஐயும் வைட் லென்ஸ் என்று நினைத்து வாங்கக் கூடாது. வெளிச்சம்தான் முக்கியம் என்பவர் சிக்மாவின் 16 மி.மீ. எஃப் 1.4, 23 மி.மீ. எஃப் 1.4 இரண்டையும் பார்க்கலாம். இரண்டும் கேனானின் சிறிய லென்ஸ்களைவிடக் கணிசமாகக் கனமானவை.

பழைய எஸ்எல்ஆர் கேமராவின் இஎஃப் லென்ஸ்களை வைத்திருப்பவருக்கு அடாப்டர் வழியும் திறந்திருக்கிறது. 2012இல் வந்த இஎஃப் 35 மி.மீ. எஃப் 2 ஐஎஸ் இன்றும் சிறந்த லென்ஸ். அதன் 335 கிராமோடு அடாப்டரின் 110 கிராமும் சேர்ந்து 445 ஆகிவிடும். கையில் ஏற்கெனவே இருந்தால் விற்க வேண்டாம்; இதற்காகப் புதிதாக வாங்கவும் வேண்டாம். 2014இல் வந்த இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8, 125 கிராம் எடையில் க்ராப் சென்சார்காரர்களுக்கு இன்றும் மலிவான வழி.

## பணம் கொடுப்பதற்கு முன்

முழுப் பகலும் வெளியே அலையக் கிடைப்பவருக்கு 28ஐயும், வேலை முடிந்து இருட்டும் நேரத்தில்தான் கேமராவைத் தொட முடிகிறவருக்கு 35ஐயும் சொல்வேன். ஆனால் என் சொல்லைவிட நம்பத்தக்க சான்று உங்கள் கைவசமே இருக்கிறது. ஜூம் லென்ஸை 28இல் நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் வழக்கமான தெருக்களில் நடந்து பாருங்கள். அடுத்த வாரம் 35இல் ஒட்டுங்கள். முதல் வாரத்தில் எத்தனை முறை வெட்டத் தோன்றியது, இரண்டாம் வாரத்தில் எத்தனை முறை முதுகு சுவரில் முட்டியது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

பழைய படங்களில் எந்தக் குவியத் தூரம் அதிகம் என்று மென்பொருளில் எண்ணிப் பார்க்கும்படி பலர் அறிவுரை சொல்வதுண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. 24–50 ஜூம் வைத்திருப்பவரின் படங்கள் 24இலும் 50இலும் குவிந்திருக்கும். வளையம் அந்த இரண்டு முனைகளில்தான் முட்டி நிற்கிறது என்பதே அதற்குக் காரணம், அது விருப்பத்தைக் காட்டுவதில்லை. முனைகளை விட்டுவிட்டு நடுவில் எங்கே குவிகிறது என்று பாருங்கள்.

35 மி.மீ. 2018இலிருந்தே விற்பனையில் இருப்பதால் பழையது கிடைக்க வாய்ப்பு அதிகம். பழையதை வாங்கும்போது மிகக் கிட்டத்திலிருந்து தொடுவானம் வரை ஃபோகஸைச் சில முறை ஓட்டி, நீண்டு சுருங்கும் முன்பகுதி எங்கும் சிக்காமல் போகிறதா என்று பாருங்கள். எஃப் 1.8இல் ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு கூர்மையாக உள்ளனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும். அதிர்வுக் கட்டுப்பாட்டை இயக்கியும் நிறுத்தியும் 1/8 வினாடியில் இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிட்டுவிட்டு விலை பேசுங்கள்.